பல்லூடகக் கற்றல் குறித்த மாணவர் மனப்பாங்கு

பல்லூடகக் கற்றல் குறித்த மாணவர் மனப்பாங்கு என்பது, எழுத்து, படம், ஒலி, அசைவூட்டம், நிகழ்படம் ஆகியவற்றுள் இரண்டோ பலவோ இணைந்த பாடப்பொருள்களைக் கொண்டு கற்பதை மாணவர்கள் எவ்வாறு நோக்குகிறார்கள், எந்த அளவு விரும்புகிறார்கள், அதனால் தமக்குப் பயன் உண்டு என எந்த அளவு நம்புகிறார்கள் என்பவற்றைக் குறிக்கும். கல்வி உளவியல், கல்வித் தொழில்நுட்பம் ஆகிய இரு துறைகளும் இதனை ஆய்கின்றன. இக்கட்டுரை சிறப்பாக உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி மாணவர்களைக் கருத்தில் கொண்டு எழுதப்பட்டது.

பல்லூடகப் பாடங்களை மாணவர்கள் பொதுவாக விரும்புகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் கண்ட முடிவு ஆகும். ஆயினும் விரும்புவதும் கற்பதும் ஒன்றல்ல என்பதும் அதே அளவு உறுதியாகக் கண்டறியப்பட்டுள்ளது. ஒரு பாடம் பிடித்திருக்கிறது என்று மாணவர் கூறுவதை வைத்து, அப்பாடம் அவருக்குப் புரிந்தது என முடிவு செய்ய முடியாது. கணினி, தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவற்றைப் பள்ளிக்குள் கொண்டுவரும் திட்டங்களை மதிப்பிடும்போது இவ்வேறுபாடு முதன்மை பெறுகிறது.

வரையறை

பல்லூடகம் என்றவுடன் கணினியே பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் கல்வி உளவியலில் இச்சொல்லின் பொருள் இன்னும் விரிந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ரிச்சர்ட் மேயர், சொற்களும் படங்களும் இணைந்து வழங்கப்படும் எந்தப் பாடத்தையும் பல்லூடகப் பாடம் என வரையறுக்கிறார். சொல் என்பது எழுத்தாகவோ பேச்சாகவோ இருக்கலாம். படம் என்பது நிலைப்படமாகவோ அசைவூட்டமாகவோ இருக்கலாம். இவ்வரையறையின்படி, இதயத்தின் நான்கு அறைகளைப் படம் வரைந்து பெயர் குறித்துள்ள பாடநூல் பக்கமும் பல்லூடகமே ஆகும். கரும்பலகையில் படம் வரைந்துகொண்டே ஆசிரியர் விளக்குவதும் பல்லூடகமே ஆகும்.

மனப்பாங்கு என்பது ஒரு பொருளையோ செயலையோ பற்றி ஒருவர் கொண்டுள்ள சாதகமான அல்லது பாதகமான சாய்வு ஆகும். இதனை மூன்று கூறுகளாகப் பிரிப்பது வழக்கம்.

1. அறிவுக் கூறு: "அசைவூட்டம் பார்த்தால் பாடம் எளிதில் புரியும்" என்பது போன்ற நம்பிக்கை.
2. உணர்வுக் கூறு: விருப்பு, சலிப்பு, அச்சம் முதலிய உணர்வுகள்.
3. நடத்தைக் கூறு: வற்புறுத்தல் இன்றித் தாமாகவே அப்பாடத்தைத் திறந்து பார்ப்பது, பாதியில் விட்டுவிடுவது போன்ற செயல்கள்.

இம்மூன்றும் எப்போதும் ஒத்துச் செல்வதில்லை. நிகழ்படப் பாடம் பயனுள்ளது என நம்பும் மாணவர் ஒருவர், வீட்டில் அதனை ஒருமுறையேனும் பார்க்காமல் இருக்கலாம்.

வரலாறு

புதிய ஊடகம் ஒன்று தோன்றும்போதெல்லாம் அது பள்ளிக் கல்வியையே மாற்றிவிடும் என்ற எதிர்பார்ப்பும் உடன் தோன்றியது. 1913இல் தாமசு எடிசன், திரைப்படம் விரைவில் பள்ளிகளில் நூல்களின் இடத்தைப் பிடித்துவிடும் என்று கருத்துத் தெரிவித்தார். அவ்வாறு நிகழவில்லை. 1920களில் வானொலியும், 1950களுக்குப் பின் தொலைக்காட்சியும் இதே எதிர்பார்ப்புடன் வகுப்பறைக்கு வந்தன.

1960இல் அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்னும் கணினிவழிக் கற்பித்தல் அமைப்பு தொடங்கப்பட்டது. இந்தியாவில் 1975-76இல் செயற்கைக்கோள்வழிக் கற்பித்தல் தொலைக்காட்சிச் சோதனை நடைபெற்றது. இதில் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. 1990களில் குறுவட்டுகள் பரவியபின் எழுத்து, ஒலி, நிகழ்படம் ஆகிய மூன்றும் ஒரே கணினித் திரையில் கிடைத்தன. 2000களில் இணைய நிகழ்படங்களும், 2010களில் நுண்ணறி பேசிகளும் இவற்றின் இடத்தைப் பெற்றன.

மாணவர் மனப்பாங்கு பற்றிய அளவீட்டு ஆய்வுகளும் இவ்வளர்ச்சியுடன் சேர்ந்தே பெருகின. 1983இல் சேம்சு குலிக் முதலானோர், 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களிடம் நடத்தப்பட்ட 51 கணினிவழிக் கற்பித்தல் ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டனர். கணினிவழி கற்ற மாணவர்கள் தேர்வில் ஓரளவு கூடுதல் மதிப்பெண் பெற்றதோடு, கணினி மீதும் பாடத்தின் மீதும் சாதகமான மனப்பாங்கு கொண்டிருந்தனர் என அத்தொகுப்பு காட்டியது.

கோட்பாட்டுப் பின்னணி

பல்லூடகம் ஏன் உதவுகிறது, எப்போது உதவாது என்பதை விளக்க மூன்று கோட்பாடுகள் பெரிதும் பயன்படுகின்றன.

இரட்டைக் குறியேற்றக் கோட்பாடு: கனேடிய உளவியலாளர் ஆலன் பைவியோ 1971இல் விரிவாக முன்வைத்தது. மனித மனம் சொற்களையும் உருவங்களையும் இருவேறு வழிகளில் பதிவு செய்கிறது. இரண்டு வழிகளிலும் பதிந்த ஒன்று எளிதில் நினைவுக்கு வருகிறது என்பது இதன் சாரம்.

அறிதிறன் சுமைக் கோட்பாடு: ஆத்திரேலியாவைச் சேர்ந்த சான் சுவெல்லர் 1988இல் முன்வைத்தது. ஒரே நேரத்தில் மனம் கையாளக்கூடிய புதிய தகவலின் அளவு மிகக் குறைவு. தேவையற்ற படமும் ஒலியும் அந்தச் சிறிய இடத்தை நிரப்பிவிட்டால், பாடத்தைப் புரிந்துகொள்ள இடம் இராது.

பல்லூடகக் கற்றலின் அறிதிறன் கோட்பாடு: மேற்கண்ட இரண்டையும் இணைத்து மேயர் உருவாக்கியது. அவருடைய "பல்லூடகக் கற்றல்" நூல் 2001இல் வெளிவந்தது. மின்னல் எவ்வாறு உண்டாகிறது, மிதிவண்டிக் காற்றடிப்பான் எவ்வாறு இயங்குகிறது என்பன போன்ற சிறு பாடங்களைக் கொண்டு அவர் பல சோதனைகளை நடத்தினார். அவற்றிலிருந்து பெறப்பட்ட நெறிகளுள் சில வருமாறு:

1. சொற்கள் மட்டும் உள்ள பாடத்தை விட, சொற்களும் பொருத்தமான படங்களும் உள்ள பாடம் நன்கு விளங்கும்.
2. படமும் அதற்குரிய சொல்லும் அருகருகே, ஒரே நேரத்தில் இருத்தல் வேண்டும்.
3. பாடத்துக்குத் தொடர்பற்ற இசை, படம், செய்தி ஆகியவற்றை நீக்குதல் வேண்டும்.
4. அசைவூட்டத்துக்குத் திரையில் எழுதப்பட்ட விளக்கத்தை விடப் பேச்சு விளக்கம் ஏற்றது.
5. நீண்ட பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, மாணவர் தம் வேகத்தில் செல்ல விடுதல் வேண்டும்.

மேயரின் சோதனைகளில் பங்கேற்றோர் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். பள்ளி வகுப்பறையில் இந்நெறிகள் பொருந்துமா என்ற ஐயத்தை ஆய்ந்தவற்றுள், எக்பர்ட் ஆர்சுகாம்ப், மேயர், சுரே ஆகியோர் 2007இல் நெதர்லாந்து மேல்நிலைப் பள்ளி உயிரியல் வகுப்புகளில் நடத்திய ஆய்வு குறிப்பிடத்தக்கது. படத்துடன் பேச்சு விளக்கம் கேட்ட மாணவர்கள், படத்துடன் எழுத்து விளக்கம் படித்தவர்களை விட நன்கு கற்றனர். எனினும் இப்பயன் பாடத்தை விரைவாக முடித்த மாணவர்களிடமே காணப்பட்டது. கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டவர்களிடம் காணப்படவில்லை. எழுத்தை நிறுத்தி நிதானமாகத் திரும்பப் படிக்க முடியும்போது பேச்சின் அனுகூலம் குறைந்துவிடுகிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம்.

மனப்பாங்கை அளவிடும் முறைகள்

மனப்பாங்கை நேரடியாகக் காண இயலாது. ஆகவே மறைமுகமாகவே அளவிடப்படுகிறது.

வினாநிரல்: பரவலாகப் பயன்படுவது இதுவே. 1932இல் ரென்சிசு லைக்கர்ட் அறிமுகப்படுத்திய அளவுகோலின்படி, ஒவ்வொரு கூற்றுக்கும் "முற்றிலும் உடன்படுகிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரையிலான ஐந்து நிலைகளுள் ஒன்றை மாணவர் தேர்ந்தெடுப்பார். எடுத்துக்காட்டாக, "படங்களுடன் விளக்கும்போது வேதியியல் எளிதாக இருக்கிறது" என்பது சாதகக் கூற்று. "கணினிப் பாடத்தில் என் கவனம் சிதறுகிறது" என்பது பாதகக் கூற்று. எல்லாக் கூற்றுகளுக்கும் படிக்காமலே "உடன்படுகிறேன்" எனக் குறிப்பவர்களைக் கண்டறிய, இருவகைக் கூற்றுகளும் கலந்து தரப்படுகின்றன. பாதகக் கூற்றுகளின் மதிப்பெண் கூட்டுவதற்கு முன் தலைகீழாக மாற்றப்படும்.

ஏற்பு மாதிரி: 1989இல் பிரெட் டேவிசு வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரி, ஒரு கருவி தமக்குப் பயன்படும் என்ற எண்ணமும் அதனை இயக்குவது எளிது என்ற எண்ணமுமே அதனை ஏற்பதைத் தீர்மானிக்கின்றன என்கிறது. இது அலுவலகப் பணியாளர்களுக்காக உருவானது. பின்னர் மாணவர்களுக்கும் பயன்படுத்தப்பட்டது.

நேர்காணலும் நோக்கலும்: மாணவர் ஏன் அவ்வாறு கூறுகிறார் என்பதை வினாநிரல் சொல்லாது. நேர்காணல், வகுப்பறை நோக்கல், நிகழ்படத்தை எந்த இடத்தில் நிறுத்தினர் என்பது போன்ற கணினிப் பதிவுகள் ஆகியவை இக்குறையை ஓரளவு நீக்குகின்றன.

பள்ளிகளில் வினாநிரல் நிரப்பும்போது, ஆசிரியர் எதிர்பார்க்கும் விடையையே மாணவர் தர முனைவது ஒரு பெருங்குறை ஆகும். பெயர் எழுதாமல் நிரப்பச் செய்வதும், பாடம் நடத்திய ஆசிரியர் அல்லாத ஒருவர் தாள்களைத் திரட்டுவதும் இதனைக் குறைக்கும்.

மனப்பாங்கைத் தீர்மானிக்கும் காரணிகள்

புதுமை: புதிய கருவி தரும் ஆர்வம் நிலையானது அன்று. 1983இல் ரிச்சர்ட் கிளார்க் சுட்டிக்காட்டியபடி, குலிக் குழுவினர் தொகுத்த ஆய்வுகளில் நான்கு வாரத்துக்குக் குறைவாக நடந்தவை பெரிய விளைவையும், எட்டு வாரத்துக்கு மேல் நடந்தவை மிகச் சிறிய விளைவையும் காட்டின. ஒரே ஒரு வகுப்பில் அசைவூட்டம் காட்டிவிட்டு உடனே எடுக்கப்படும் கருத்துக்கணிப்பு, பெரும்பாலும் புதுமையையே அளவிடுகிறது.

முன்னறிவு: பாடத்தில் ஏற்கனவே தேர்ந்த மாணவருக்கு விரிவான விளக்கப்படங்கள் சலிப்பூட்டுவதோடு கற்றலுக்குத் தடையாகவும் அமையலாம். சிலாவா கல்யுகா, சுவெல்லர் முதலானோர் 2003இல் இதனைத் தேர்ச்சித் தலைகீழ் விளைவு எனப் பெயரிட்டு விளக்கினர்.

தேர்வு முறை: எந்தப் பாடமானாலும் அதன் முடிவில் என்ன கேட்கப்படும் என்பதை மாணவர்கள் கூர்ந்து கவனிக்கிறார்கள். பாடநூலின் பின்பக்க வினாக்களே தேர்வில் வரும் என்னும் நிலையில், அசைவூட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பொதுத்தேர்வு எழுதும் மாணவர் அதனை நேர விரயமாகக் கருதக்கூடும்.

வசதி: மின்சாரம், இணைய வேகம், ஒரே கைப்பேசியை வீட்டில் எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்பன மனப்பாங்கைப் பாதிக்கும். வாய்ப்பு இல்லாமையால் எழும் வெறுப்பை, ஊடகத்தின் மீதான வெறுப்பு என வினாநிரல் தவறாகக் காட்டிவிடலாம்.

மொழி: பாடநூலின் கலைச்சொற்களும் பல்லூடகத்தின் கலைச்சொற்களும் வேறுபட்டால் மாணவர் தடுமாறுவர். இது தமிழுக்கு நேரடியாகப் பொருந்தும். தமிழ்நாட்டுப் பாடநூல் ஒளிச்சேர்க்கை என்பதை இலங்கைப் பாடநூல் ஒளித்தொகுப்பு என்கிறது. அங்கு வேதியியல், இங்கு இரசாயனவியல். அங்கு இயற்பியல், இங்கு பௌதிகவியல். ஒரு நாட்டில் உருவான தமிழ் நிகழ்படம் மற்ற நாட்டு மாணவருக்குச் சென்றடைய, இரு சொற்களையும் ஒருமுறையேனும் குறிப்பிடுதல் உதவும்.

விருப்பமும் கற்றலும்

இத்துறையின் மையச் சிக்கல் இதுவே ஆகும்.

1984இல் கவ்ரியேல் சாலமன், ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரே கதையைச் சிலருக்குப் படமாகவும் சிலருக்கு எழுத்தாகவும் வழங்கினார். தொலைக்காட்சி எளிது, அச்சு கடினம் என மாணவர்கள் முன்கூட்டியே கருதினர். எளிது எனக் கருதியதற்குக் குறைந்த மன உழைப்பையே செலுத்தினர். கதையிலிருந்து ஊகித்து அறிய வேண்டிய வினாக்களில் எழுத்தைப் படித்தவர்களே மேம்பட்டனர். இங்கு சாதகமான மனப்பாங்கே கற்றலைக் குறைத்தது எனலாம்.

1998இல் சானன் ஆர்ப், மேயர் ஆகியோர் மின்னல் பற்றிய பாடத்தில், மின்னல் தாக்கியோர் பற்றியவை போன்ற சுவையான, ஆனால் விளக்கத்துக்குத் தேவையற்ற செய்திகளையும் படங்களையும் சேர்த்துப் பார்த்தனர். சேர்க்கப்பட்ட பாடத்தைப் படித்தவர்கள், மின்னல் உருவாகும் முறையைக் குறைவாகவே நினைவுகூர்ந்தனர். இத்தகைய சேர்க்கைகள் கவர்ந்திழுக்கும் விவரங்கள் எனப்படுகின்றன.

2012இல் உன்மோ சுங், மேயர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாட்டை இன்னும் தெளிவாகக் காட்டியது. ஒரே இணையப் பாடம் நான்கு வடிவங்களில் தரப்பட்டது: பாடத்தை விளக்கும் படங்களுடன், கவர்ச்சியான ஆனால் தொடர்பற்ற படங்களுடன், வெறும் அலங்காரப் படங்களுடன், படமே இன்றி. படம் இருந்த மூன்று வடிவங்களையும் மாணவர்கள் கூடுதலாக விரும்பினர். ஆனால் நினைவுகூர்தல் தேர்வில் மேம்பட்டது, விளக்கும் படங்களைப் பெற்ற குழு மட்டுமே. மனநிறைவுக் கணிப்பை மட்டும் எடுத்திருந்தால் மூன்றும் சமம் என்றே தோன்றியிருக்கும்.

சிட்னி பல்கலைக்கழகத்தில் டெரெக் முல்லர் 2008இல் முடித்த முனைவர் ஆய்வு, இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. நியூட்டனின் விதிகளை நேராகவும் தெளிவாகவும் விளக்கும் நிகழ்படத்தை விட, மாணவர்களிடம் வழக்கமாகக் காணப்படும் தவறான கருத்துகளை எடுத்துப் பேசித் திருத்தும் நிகழ்படம் கூடுதலாகக் கற்பித்தது. ஆனால் அதற்குக் கூடுதல் மன உழைப்பு வேண்டியிருந்ததாக மாணவர்கள் தெரிவித்தனர். தெளிவான விளக்கத்தைக் கேட்கும்போது, தாம் ஏற்கனவே நம்பும் தவறையே அது உறுதி செய்வதாக எண்ணிக் கடந்துவிடும் இடர் உண்டு.

இவற்றால் மாணவர் கருத்து பயனற்றது என்று ஆகாது. விருப்பம் இல்லாத பாடத்தை மாணவர் திறப்பதே இல்லை. திறக்காத பாடம் எதையும் கற்பிக்காது. மேலும், ஒலி கேட்கவில்லை, எழுத்து சிறியது, வேகம் அதிகம் என்பன போன்ற குறைகளை மாணவர்களே சரியாகக் கூற இயலும். கற்றேனா என்ற வினாவுக்கு மட்டும் தேர்வு தேவைப்படுகிறது.

பன்னாட்டு மதிப்பீடுகள்

15 வயது மாணவர்களை மதிப்பிடும் பீசா தேர்வின் 2012ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2015இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பள்ளிக் கணினிகளில் பெருமுதலீடு செய்த நாடுகளில் வாசிப்பு, கணிதம், அறிவியல் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை என அது தெரிவித்தது.

2022ஆம் ஆண்டு பீசாவில், கற்பதற்காக நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வரை மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்திய மாணவர்கள், பயன்படுத்தாதவர்களை விடக் கணிதத்தில் சராசரியாக 14 புள்ளிகள் கூடுதலாகப் பெற்றனர். அதே வேளை, ஏறத்தாழ 65 விழுக்காட்டு மாணவர்கள் குறைந்தது சில கணித வகுப்புகளிலேனும் கருவிகளால் தம் கவனம் சிதறுவதாகக் கூறினர். இவை தொடர்புகளே அன்றிக் காரண காரியங்கள் அல்ல என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

தமிழ்நாட்டில் பல்லூடகக் கல்வி

கல்விக்கென இந்தியா உருவாக்கிய எடுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20 அன்று சிறீகரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 2011இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. 2018இல் வெளிவரத் தொடங்கிய புதிய பாடநூல்களில், கைப்பேசியால் வருடி நிகழ்படம் காணத்தக்க விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. 2019 ஆகத்தில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 2020இல் கொரோனா பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, இத்தொலைக்காட்சி பாடங்களை வழங்கும் முதன்மை வழிகளுள் ஒன்றாயிற்று.

பாடநூலின் விரைவுக் குறியீடு மேற்கூறிய நெறிகளுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. பாடத்துக்குரிய நிகழ்படம் அதே பக்கத்தில் இருப்பதால் மாணவர் தேட வேண்டியதில்லை. வேண்டிய இடத்தில் நிறுத்தவும் திரும்பப் பார்க்கவும் முடியும். தொலைக்காட்சியில் இவ்வசதி இல்லை. ஆனால் அதற்கு இணையமும் தேவையில்லை.

விமர்சனங்கள்

ஊடகம் கற்றலைத் தீர்மானிப்பதில்லை, கற்பிக்கும் முறையே தீர்மானிக்கிறது என்பது கிளார்க்கின் வாதம். காய்கறி ஏற்றிவரும் வண்டி ஊட்டச்சத்தை மாற்றுவதில்லை என்பதைப் போன்றது இது என அவர் ஒப்பிட்டார். இராபர்ட் கோசுமா 1990களில் இதனை மறுத்து, சில ஊடகங்களால் மட்டுமே இயலும் கற்பித்தல் முறைகள் உண்டு என வாதிட்டார். மூலக்கூறுகளின் இயக்கத்தைக் கண்முன் காட்டுவது அத்தகையது. இவ்விவாதம் முற்றுப்பெறவில்லை.

மாணவர்களைக் காட்சிவழிக் கற்போர், கேள்விவழிக் கற்போர் எனப் பிரித்து அதற்கேற்பப் பாடம் தர வேண்டும் என்ற கருத்தும் பரவலாக உண்டு. 2008இல் அரால்டு பாசுலர் முதலானோர் இதனைப் பரிசீலித்து, அவ்வாறு பிரித்துக் கற்பிப்பதை நியாயப்படுத்தப் போதிய சான்று இல்லை என்றனர். மாணவர்களுக்கு ஒரு வடிவத்தின் மீது விருப்பம் இருப்பது உண்மை. அவ்வடிவத்திலேயே அவர் சிறப்பாகக் கற்பார் என்பது நிறுவப்படவில்லை.

ஆசிரியர்களுக்கான பயன்பாடு

மேற்கண்ட ஆய்வுகளிலிருந்து வகுப்பறைக்குப் பெறத்தக்க சில முடிவுகள்:

1. பாடத்துக்குப் பின் கருத்துக்கணிப்போடு ஒரு சிறு தேர்வும் நடத்துக. இரண்டின் முடிவுகளையும் ஒப்பிடுக.
2. சில வாரங்கள் கழித்து இரண்டையும் மீண்டும் நடத்துக. புதுமை தீர்ந்தபின் எஞ்சுவது என்ன என்பது தெரியவரும்.
3. நிகழ்படத்தை இடையிடையே நிறுத்தி, அடுத்து என்ன நிகழும் என மாணவர்களை ஊகிக்கச் செய்க.
4. ஒவ்வொரு படத்துக்கும், இது எதனை விளக்குகிறது எனக் கேட்டு, விடை இல்லையெனில் நீக்குக.
5. "பிடித்திருந்ததா" என்பதை விட "எந்த இடம் புரியவில்லை" என்ற வினா பயனுள்ளது.

இவற்றையும் பார்க்க

பல்லூடகம்
கல்வி உளவியல்
அறிதிறன் சுமை
லைக்கர்ட் அளவுகோல்
தொலைநிலைக் கல்வி
கலைச்சொல்லாக்கம்